சுழியோடிகள், மீன்கள், ஒரு சைக்கிள்

நீச்சல் தெரியாத ஒருவன் சுழியோடிகளின் குணங்களைப் பற்றிக் கையேடு எழுதினால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், சத்தமாக வேண்டாம். அது நான்தான்.

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்து மறிக்கும் ஊர். அப்படியிருந்தும் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதற்கு மேல் தண்ணீரோடு நான் பழக்கம் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் படித்திருந்தேன். தேனீ வளர்ப்பது, விமானம் ஓட்டுவது, மலையேறுவது, கடலின் அடிக்குப் போவது எல்லாம் கதிரையில் சாய்ந்து இருந்தபடியே படித்திருந்தேன். கதிரையில் இருந்து படிப்பவனுக்கு வரும் துணிச்சல் மலையேறுகிறவனுக்குக்கூட வராது.

அப்போது நான் மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குகிற வேலையில் இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிற வேலை. சண்டை முடிந்திருக்கவில்லை, ஓய்ந்திருந்தது. நிம்மதியாக மூச்சு விடலாமா கூடாதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத இரண்டு மூன்று வருடங்கள். அந்த இடைவெளியில் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி முளைத்தது. பழைய சண்டை ஒன்றில் எங்கள் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். புதுச் சண்டையில் மூழ்கியவற்றைப் பார்க்க யாரும் வரவில்லை.

விடுதி முதலாளி அச்சகத்துக்கு வந்து, வருகிறவர்கள் சிரிக்கிற மாதிரி ஒரு துண்டுக் கையேடு வேண்டும் என்றார். தமிழில் எழுதினால் தான் இங்கிலீசில் போட்டுக்கொள்வாராம். நான் அன்று மத்தியானமே எழுதி முடித்தேன். தலைப்பு: 'தண்ணீருக்குள் நீங்கள் எந்தப் பிராணி?'

எழுதியது இப்படிப் போகும். முதலாவது ஓங்கில், அதாவது டொல்பின் வகை. இவருக்குக் கடல் முக்கியமல்ல, கரையில் ஆள் இருப்பதுதான் முக்கியம். அடிக்கொரு தரம் மேலே வந்து யாராவது படம் எடுக்கிறார்களா என்று பார்ப்பார். சுறா வகைக்காரர் நேரே ஆழத்துக்குத்தான் போவார். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சொல்வார், மறுநாள் கேட்டால் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சொல்வார். கடலாமை வகைக்காரரின் சாமான்கள் எல்லாம் பழையவை, யார் என்ன சொன்னாலும் காதில் விழாது, கடைசியில் உயிரோடு இருப்பவர் அவர்தான். கணவாய் வகைக்காரர் ஏதாவது பிழையாகிவிட்டால் சுற்றிவரக் கறுப்பு மையைக் கக்கிவிட்டு, தெளியும்போது வேறெங்கோ நிற்பார். கடலட்டை வகைக்காரரைச் சும்மா தொட்டாலே போதும், குடலை வெளியே தள்ளிவிடுவார். அதாவது குடும்பக் கஷ்டம் முழுவதையும் சொல்லிவிடுவார். சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓசியில் ஊர் சுற்றும் மீனை முதலாளியின் மருமகனை மனதில் வைத்துச் சேர்த்தேன். மருமகனே அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வகைக்காரருக்கு ஒருபோதும் தன்னைத் தெரியாது என்பதையும் பிறகு சேர்த்தேன்.

நண்டையும் எழுதியிருந்தேன். பக்கவாட்டில் நகரும், கிடைத்ததைக் கிண்டும் என்றெல்லாம். விடுதியில் வேலை செய்த இரண்டு சுழியோடிகளில் ஒருவன் மாங்கேணிக்காரன். சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடிப் பழகியவன், எதையும் பகிடியும் சிரிப்புமாகவே பேசுகிறவன். கையேட்டை வாசித்துக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் நிறுத்தினான்.

"சேர், நண்ட எடுத்திருங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இரிக்கி. எடுத்திருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஊர் முழுக்க ஆற்று நண்டு (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்) வாங்குவதை நிறுத்தியிருந்தது. காரணத்தை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனி இந்த வீட்டில் நண்டு இல்லை என்று மனைவி சொன்னாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. ஆற்றுக்குள் என்ன மிதந்தது என்பதும், நண்டு என்ன தின்னும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். நான் நண்டை வெட்டிவிட்டுக் கடற்குதிரையைப் போட்டேன்.

மற்றச் சுழியோடி காத்தான்குடிக்காரர். மாங்கேணிக்காரன் அவரை 'காக்கா' என்பான், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. வளைகுடாவில் எண்ணெய் இறங்குதுறைத் தூண்களைத் தண்ணீருக்குள் நின்று சுரண்டிச் சுத்தமாக்கும் வேலை செய்துவிட்டு வந்தவர். வயிறு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அரபிக்கடலில் தனக்குத் தெரியாத கல் இல்லை என்பார். கையேட்டில் 'முதுகில் ஒட்சிசன் சிலிண்டர்' என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, அதுக்குள்ள ஒட்சிசன் இல்ல, வெறுங்காத்து. உங்கட வாயில வாறமாதிரிக் காத்து."

எழுதியவன் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் பிடித்த பிடியில், முழங்கால் நனையாத என்னைக் கடலுக்குள் இறக்கினார்கள். மற்றவர்கள் முக்கால் மணித்தியாலம் சுவாசிக்கும் காற்றை நான் கொஞ்ச நேரத்தில் குடித்து முடித்தேன். பயத்தில் மூச்சை இழுத்தேன், இழுத்ததை விடப் பயந்து திரும்பவும் இழுத்தேன். வயிறு ஊதிப்போய் மேலே வந்து மிதந்தேன். காத்தான்குடிக்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தபோது மாங்கேணிக்காரன் தீர்ப்புச் சொன்னான்.

"காக்கா, இவர் பேத்தை. சீண்டினா ஊதிப்போய் மல்லாந்து கிடக்கிற மீன். கையேட்டில அத மறந்திட்டார்."

அன்றிலிருந்து நான் பேத்தை சேர்.

இனி அச்சகத்துக்கு வருகிறேன். எங்களுடையது ஈய எழுத்துக் கோர்க்கும் பழைய அச்சகம். ஒரு வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து அந்தந்தப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், அடுத்த வேலைக்கு அவை வேண்டும். ஒரே ஒரு சொல்லை மட்டும் நாங்கள் கலைப்பதில்லை. சண்டை தொடங்கிய பிறகு அந்தச் சொல் தினமும் தேவைப்பட்டது. நினைவுமலரில், அஞ்சலித் துண்டில், கலியாண அட்டையில், கோயில் நோட்டீசில். கோர்ப்பதும் கலைப்பதுமாக இருந்த அச்சுக்கோர்ப்பவர் ஒருநாள் சலித்துப்போய், அதை நூலால் சுற்றிக் கட்டி மேசை மூலையில் வைத்துவிட்டார். பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் மூன்று. 'காலஞ்சென்ற' என்ற சொல். வேண்டும்போது எடுத்துச் செருகினால் போதும்.

ஆரையம்பதியிலிருந்து ஓர் அக்கா அந்தச் சொல்லுக்காகத்தான் வந்தார். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் வந்தார்.

மகளுக்குக் கலியாணம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அட்டைக்கு எழுதிக்கொண்டு வந்ததை நான் வாசித்து, வழமையாகக் கேட்கும் கேள்வியை வழமையான குரலில் கேட்டேன்.

"பொம்புளைட தகப்பன்ட பேருக்கு முன்னால காலஞ்சென்ற போடுறதா?"

"அதத்தான் தம்பி நானும் கேட்டுக்கொண்டு திரியிறன்" என்றார் அக்கா.

புருசன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உன்னிச்சைக்கு வேளாண்மை வெட்டுக்கு, நெல் அறுக்கப் போகிறவர். ஆரையம்பதித் துறையில் சைக்கிளோடு தோணி ஏறினால் அக்கரையில் இறங்கி மிதித்துக்கொண்டு போய்விடலாம். ஒரு விடியற்காலை அப்படிப் போனவர் உன்னிச்சைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. மகளுக்கு அப்போது பாலர் பள்ளிக்கூட வயது. அன்று ஆற்றில் காற்று. ஒரு தோணி கவிழ்ந்தது உண்மை. அதில் சைக்கிளோடு ஒருவர் இருந்ததைக் கண்டதாகத் தோணிக்காரர் சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. உடல் கிடைக்கவில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. கழற்றுவதற்கு ஒரு நாள் வேண்டுமே, எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் அல்ல. ஒரு முடிவு வேண்டும் என்றார்கள். செத்தவர் என்றால் கிரியையைச் செய்துவிட்டு அந்தச் சொல்லைப் போடுங்கள், இல்லையென்றால் எங்கள் சனத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டார்கள். சொல்லைப் போட்டால் அக்கா பொட்டில்லாமல் மணவறைக்குப் பின்னால் நிற்க வேண்டும். போடாவிட்டால் தாலியோடு முன்னால் நிற்கலாம். வெள்ளிக்கிழமை அட்டை அடித்தாக வேண்டும்.

"உனக்கு என்ன விருப்பம், புள்ள?" என்று மகளைக் கேட்டேன்.

"எனக்கு அப்பாட முகமே ஞாபகமில்ல, அண்ணன்" என்றது பிள்ளை. "சைக்கிள் பாறில, குறுக்குக் கம்பியில, எனக்கொரு சின்னச் சீட் அடிச்சு வச்சிருந்தவர். அதில முன்னால இருந்தா முகம் தெரியாதுதானே. ஹாண்டில் பிடிச்ச கை ரெண்டும்தான் ஞாபகம்."

மேசையில் என் கையேட்டின் முதல் படி கிடந்தது. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தார். சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் அதுதான்.

"இவங்க தண்ணிக்குள்ள போய்த் தேடுவாங்களா?"

"எதை அக்கா?"

"ஆள் இருக்காது. எனக்கு விளங்கும். சைக்கிள் இரும்புதானே, அது கிடக்கும். அது தோணிக்காரன் சொன்ன இடத்தில கிடந்தா அவர் ஆத்தோட போனவர். நீங்க அந்தச் சொல்லப் போடுங்க. நான் அழுது முடிச்சிருவன்."

முதலாளி இல்லாத ஒரு காலைநேரம் பார்த்து இரண்டு பேரையும் கேட்டேன். காத்தான்குடிக்காரர் தாடியைச் சொறிந்தார்.

"ஆத்துக்குள்ளயா? அது சேறு தம்பி. அரபிக்கடல் மாதிரிக் கண்ணாடித் தண்ணி இல்ல."

"காக்காக்குத்தான் தெரியாத கல்லே இல்லையே" என்றான் மாங்கேணிக்காரன்.

"கல்லுதான் தெரியும். சேறு ஆருக்கடா தெரியும்?" என்றார். ஆனால் அதற்குள் சிலிண்டர்களை எண்ணத் தொடங்கியிருந்தார்.

வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் வான் வண்டியை மறித்தார்கள். சிலிண்டர்களைக் காட்டி, இது வெடிக்குமா என்று கேட்டார்கள். "இவர் முதுகில போட்டா வெடிக்கும்" என்று மாங்கேணிக்காரன் என்னைக் காட்டினான். பகிடி விளங்கியதோ இல்லையோ, போகவிட்டார்கள். அந்த வருடங்களில் அவ்வளவு நல்ல மனநிலை எல்லாரிடமும் கொஞ்சம் இருந்தது.

துறையில் அக்காவும் மகளும் எங்களுக்கு முன்னரே வந்து நின்றார்கள். தோணிக்காரரும் இருந்தார். இப்போது வயது போய்விட்டது, மகன்தான் தோணி விடுகிறான். கையை நீட்டி, ஆற்றின் நடுவில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்கதான். காத்து அப்பிடி அடிச்சது."

இரண்டு பேரும் தோணியில் போய் இறங்கினார்கள். மழைத் தண்ணீர் வந்து கலந்திருந்த காலம். தேத்தண்ணீர் நிறத்தில் ஆறு. தலை மறைந்த இடத்தில் குமிழி மட்டும் வந்தது. கையேட்டை எழுதும்போது நான் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஓங்கிலுக்கும் சுறாவுக்கும் வெளிச்சம் வேண்டும், யாராவது பார்க்க வேண்டும். இங்கே மூக்குக்கு முன்னால் பிடித்த கையே தெரியாது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சேற்றைத் தடவினார்கள். நான் வெட்டிவிட்ட நண்டின் வேலை அதுதான்.

முதல் சைக்கிள் வெளியே வந்தபோது கரையில் நின்ற பெடியன்கள் கூச்சல் போட்டார்கள். அக்கா போய்க் குனிந்து பார்த்தார். குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். இது இல்லை என்று தலையை ஆட்டினார்.

இரண்டாவது வந்தது. சில்லில்லாத, இரண்டு சக்கரமும் போன வெறும் சட்டம். அதுவும் இல்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, ஊருக்குள்ளிருந்து சனம் வரத் தொடங்கியது. கூச்சல் போடும் சனம் அல்ல. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி பெண்கள் வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களுடைய சைக்கிளை யாரும் தேடவுமில்லை.

"தம்பி, பச்சை நிறமா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். துருவைத் தவிர எந்த நிறமும் அதில் இல்லை.

"கரியரில ரப்பர் பட்டி சுத்திக் கிடக்கா?"

"மணி இடப்பக்கமா, வலப்பக்கமா? என்ட பொடியன் இடக்கையன்."

சில்லில்லாத சட்டத்தைச் சுற்றி வயதான ஒரு மனிதர் நடந்தார். உட்கார்ந்தார். ஹாண்டிலின் வளைவை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு எழும்பி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், சட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் போய்விட்டார். எங்களில் ஒருவரும் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கவில்லை. அது அவருடையதா என்றும் கேட்கவில்லை.

மூன்றாவதைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மாங்கேணிக்காரன் என் அருகில் வந்தான். முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். பகிடி போயிருந்தது.

"சேர், கீழ இன்னும் கிடக்கு."

"எத்தனை?"

"எண்ணல்ல. தோணி இவ்வளவு கவிழுமா சேர்?"

காத்தான்குடிக்காரர் தண்ணீரில் நின்றபடியே குரல் கொடுத்தார். "அதப் பேசாத. தேடுறது ஒண்டு, அத மட்டும் தேடுவம். கயிறு கட்டு, வரிசையாத் தடவுவம்."

கயிற்றின் ஒரு முனையைத் தோணியில் கட்டினார்கள். மறுமுனைக்குக் கரையோரமாக அசையாத ஒரு கம்பம் வேண்டும். துறையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் ஒரு பனங்குற்றி நின்றது. முன்பு அந்த இடத்தில் ஒரு காவலரண் இருந்தது. யாருடையது என்று கேட்பீர்கள். வாடகை வீடு மாதிரி ஆள் மாறிக்கொண்டிருந்த அரண் அது. அந்த மாதம் யார் குடியிருந்தார்கள் என்று சத்தியம் பண்ண அன்று அந்தக் கரையில் யாரும் தயாராக இல்லை. இப்போது அரண் இல்லை. கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று பலகை நட்டிருந்தார்கள். ஆனாலும் துறைக்கு வரும் ஒற்றையடிப் பாதை அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் ஒரு பெரிய வளைவு வளைந்து போனது. வலை வீசுகிறவர்களும் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் வீசினார்கள். பழக்கம்.

நகரத்துக்காரனுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. "நான் கட்டுறன்" என்றேன்.

கட்டப் போகிறவன் சும்மா போயிருக்கலாம். கையேடு எழுதியவன் அல்லவா? இத்தனை பேர் முன்னால் இடுப்பில் வெறும் சாரத்தோடு இறங்க மனம் வரவில்லை. பாதி முடிந்த சிலிண்டர் ஒன்று கிடந்தது. "போட்டுக்கொள்ளட்டும், சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று காத்தான்குடிக்காரர் அனுமதி தந்தார். சனம் சிரிக்கவில்லை. நான் பாதையின் வளைவை விட்டு நேரே அந்த மூலைக்கு நடந்தபோது கரையில் பேச்சு நின்றது. என் உடுப்பைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

குற்றியைப் பிடித்துத் தண்ணீருக்குள் படுத்தேன். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், படுத்துத்தான் போக வேண்டும் என்று. உடனே இருட்டு. மண்ணிறமான இருட்டு. என் மூச்சு மட்டும், யாரோ பக்கத்தில் படுத்துக்கொண்டு இழுக்கிற மாதிரிக் கேட்டது. அடிச் சேறு மெத்தென்று இருந்தது. முதுகில் இருந்த சிலிண்டர் ஒரு பக்கம் சரிந்து என்னைப் புரட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கையை வீசினேன். கை எதற்குள்ளோ போனது. திரும்ப வரவில்லை.

என் விரல்களுக்கிடையில் விரல்கள் இருந்தன. மெலிந்த, நீளமான, குளிர்ந்த விரல்கள். அவை விடவில்லை.

வாய்க்குழாய்க்குள் கத்தினால் வெளியே கேட்காது. நான் கத்தினேன். இருந்த காற்றையெல்லாம் இழுத்தேன். ஊதினேன். காலால் உதைத்தேன். பேத்தை செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன். என்னை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நான் ஒன்றும் செய்யவில்லை, அச்சகத்தில் வேலை என்று யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கேள்வி கேட்கப்படும்போது சொல்வதற்கென்று அந்த வருடங்களில் எல்லோரும் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வசனம் அது. அந்த இடத்தில் அது தானாக வந்தது.

யாரோ என் சிலிண்டர் பட்டியைப் பிடித்துத் தூக்கினார்கள். வெளிச்சம். காத்தான்குடிக்காரர். என் வலக்கை உயர்ந்தபோது அதோடு சேர்ந்து ஒரு சைக்கிள் சில்லு உயர்ந்தது. கம்பிகளுக்கிடையில் விரல்கள் சிக்கியிருந்தன. சில்லோடு சைக்கிளும் வந்தது.

கரைக்கு இழுத்துப் போட்டார்கள். சேறு வழிந்தது. குறுக்குக் கம்பியில், ஹாண்டிலுக்குப் பின்னால், சின்ன இரும்புச் சீட் ஒன்று. கால் வைக்க இரண்டு பக்கமும் சின்னக் கம்பி.

மகள்தான் முதலில் வந்தது. சீட்டின் மேல் கையை வைத்தது. "என்ட சீட்" என்றது. பால் குடிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"கிடைச்சிட்டு, அக்கா" என்றேன் நான். கையில் இரத்தம். பேச்சில் கொஞ்சம் பெருமையும் இருந்ததை மறைப்பதற்கில்லை. இனி அந்தச் சொல்லைச் செருகலாம், ஒரு முடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சேற்றை விரலால் வழித்தார். அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பின் சில்லைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு பூட்டு இருக்கும். ஓடும்போது திறப்பு, அதாவது சாவி, பூட்டிலேயே நிற்கும், எடுக்க வராது. பூட்டினால்தான் திறப்பைக் கழற்றலாம். வளையம் கம்பிகளுக்கூடாகப் போய் மறுபக்கம் மாட்டியிருந்தது. திறப்பு இல்லை.

"பூட்டிக் கிடக்கு" என்றார்.

மாங்கேணிக்காரன் பின் சில்லைச் சுழற்றிப் பார்த்தான், அசையவில்லை.

"தோணியில ஏத்துற சைக்கிள ஆரும் பூட்டுறல்ல. உருட்டித்தானே ஏத்தோணும்." எங்கள் யாரையும் பார்க்காமல் சைக்கிளிடம் சொல்வதுபோலச் சொன்னார். "இவர் தோணி ஏறல்ல. இஞ்ச, கரையில, சைக்கிள நிப்பாட்டி, பூட்டி, திறப்ப மடியில போட்டுக்கொண்டு இறங்கி நடந்திருக்கார். ஆரோ கூப்பிட்டிருக்காங்க. திரும்பி வந்து எடுக்கலாம் எண்டு நினைச்சுத்தான் பூட்டியிருக்கார்."

பிறகு யாரோ சைக்கிளைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டிருக்கிறார்கள். அதை அவர் சொல்லவில்லை. எல்லோரும் பனங்குற்றியைப் பார்த்தோம். பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தோம்.

"அண்டைக்குக் காத்து..." என்று தோணிக்காரர் தொடங்கினார்.

"ஓம், காத்துத்தான்" என்றார் அக்கா. "நீ என்ன செய்வாய்? காத்த ஆரும் வந்து விசாரிக்கமாட்டாங்கதானே."

தோணிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. தோணி கவிழ்ந்தது, யாரோ இருந்தார்கள். இவராக இருக்கட்டும் என்று ஊரே சேர்ந்து நினைத்தது. அதில் குற்றவாளி காற்று. காற்றின் பெயரைச் சொல்லிவிட்டு இரவு கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கலாம். அக்காவும் அப்படித்தான் இத்தனை வருடம் தூங்கியிருப்பார். கையேடும் சிலிண்டரும் கொண்டுபோய் அந்தக் காற்றையும் நாங்கள் பறித்துவிட்டு வந்தோம்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த திறப்புக் கொத்தை எடுத்தார். வீட்டுத் திறப்பு, பெட்டித் திறப்பு, அவற்றோடு சின்னதாக ஒன்று. சைக்கிள் பூட்டு வாங்கும்போது இரண்டு திறப்புத் தருவார்கள். கொண்டை ஊசியால் பூட்டின் துவாரத்தைக் குடைந்தார். சேறு வந்தது, பிறகு ஒரு குட்டிச் சிப்பி வந்தது. திறப்பை வைத்தார். நுழையவில்லை. இன்னொரு தடவை முயன்றார். பிறகு கொத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூட்டிய சைக்கிளை உருட்ட முடியாது. மாங்கேணிக்காரன் பின் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, மகள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டது. அப்படியே வீடு வரைக்கும் கொண்டுபோனார்கள். மற்ற இரண்டு சைக்கிள்களையும் கரையில் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த கிழமை அந்த வழியால் போன காத்தான்குடிக்காரர், அவை அங்கே இல்லை என்றார். உன்னிப்பாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்க்கத் தேவல்ல தம்பி" என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஆற்றில் சுழியோடியதாக நான் அறியேன். கையேடு மட்டும் இரண்டு பதிப்பு வந்தது. வெள்ளைக்காரர்கள் சிரித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அச்சகத்துக்கு வந்தார். அந்த அட்டையை நானே கோர்த்து வைத்திருந்தேன். நூலால் கட்டிய அந்தச் சொல்லை அருகில் வைத்துக்கொண்டு, செருகாமல் காத்திருந்தேன்.

"செத்தவர் எண்டு போட ஆத்தில ஆள் இல்ல" என்றார் அக்கா. "இருக்கிறார் எண்டு போட வீட்டில ஆள் இல்ல. பேர மட்டும் போடுங்க."

"மாப்பிள்ளை வீட்டார்?"

"சைக்கிளக் காட்டினன். மறுகா ஒண்டும் கேக்கல்ல."

பெயரை மட்டும் போட்டேன். முன்னால் எதுவும் இல்லாத ஒரு பெயர். வரியின் நடுவில் வருமாறு இரண்டு பக்கமும் வெற்று ஈயத்துண்டுகளை வைத்து இறுக்கினேன். ஆயிரக்கணக்கான பெயர்களைக் கோர்த்த அச்சகம் அது. அப்படி உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி ஒரு பெயரை அதற்கு முன் நான் கண்டதில்லை. அன்று பின்னேரம் வேறொருவர் வேறொரு அட்டைக்கு வந்தார். நூலால் கட்டிய சொல்லை எடுத்துச் செருகினோம். சரியாகப் பொருந்தியது.

அட்டைகளை எடுக்க வந்த அன்று, முதல் அட்டையை உறையிலிட்டு எனக்கே தந்தார். மகளின் கலியாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். சைக்கிள் குசினிச் சுவரில் சாத்திக் கிடக்கிறதாம், பூட்டியபடியே. என் வலக்கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். கம்பி கிழித்த இடம் காய்ந்துகொண்டிருந்தது.

"கைக்காயம் மாறிட்டா தம்பி?"

"மாறுது, அக்கா."

"ஒண்டு கேக்கோணும் எண்டு இருந்தன். பிழையா நினைக்கப்படாது."

அந்த மூலைக்குத் துணிந்து போனதைப் பற்றி, நன்றி மாதிரி ஏதோ வரப்போகிறது என்று நான் பேனையை வைத்துவிட்டுத் தயாரானேன்.

"படுத்துக்கொண்டு ஏன் தம்பி அந்த உதை உதைச்சீங்க? இடுப்பளவு தண்ணிதானே. எழும்பி நிண்டிருக்கலாமே."